நடுப்பெட்டியில் ஒரு மாமி

டாக்குரியா, கொல்கத்தா.
ஆவணி மாதம், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் வெங்கடநாராயணன் அவர்களுக்கு சிவராமகிருஷ்ணன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கை கோமதியும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் மன்னியும் சௌக்கியமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் படுத்துக்கொள்ளவும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் "அப்புறம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பது எனக்குத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமென்றால், அதில் இருக்கும் உங்கள் சித்தப்பா மாட்டுப்பெண்ணுக்கு இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வீட்டோடு உறவு. இங்கே நான் தும்மினால் தலைவர் வீட்டில் "நூறு" என்பார்கள். ஆகையால் தபால்.

விஷயம் உங்கள் சீமந்த புத்திரன் ஷ்யாமைப் பற்றியது. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை கிடைத்து எங்களோடு வந்து தங்கியதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டில் சமர்த்து, மீன் வாசனையைப் பற்றிப் புகார் சொல்வதில்லை, அத்தை என்றால் உயிர். ஆனால் சனி ஞாயிறுகளில் அவன் சவுண்ட் என்ஜினியர் ஆகிவிடுகிறான். அதற்கென்று ஏதோ படித்திருக்கிறானாமே, நீங்களும் அதைத் தடுக்கவில்லையாமே. எங்கள் ஹாலில் ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளும், தவலை அளவுக்கு ஒரு கறுப்புப் பீப்பாயும் வந்து இறங்கின. முன்னால் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் இரண்டு, டிவிக்குக் கீழே நட்டநடுவில் ஒன்று. பீப்பாய் உறுமினால் கீழ் வீட்டில் தட்டு நகர்கிறது என்று அவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இதற்கு சரவுண்ட் சவுண்ட் என்று பெயர், பாட்டு நம்மைச் சுற்றி நாலாபுறமும் கேட்குமாம். எதற்காகக் கேட்கவேண்டும்? நான் தெரியாமல்தான் கேட்கிறேன். கச்சேரிக்குப் போனால் வித்வான் முன்னால் இருப்பார். பின்னால் இருப்பது கேன்டீன்.

சரி, பெட்டிகள் இருந்துவிட்டுப் போகட்டும். வினை அந்த நடுப்பெட்டியில் வந்தது. சினிமா என்றால் அதற்கு வேலை உண்டாம், வசனம் அதில் வரும், தியேட்டரில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பேச்சு திரையிலிருந்து வருவதுபோல் இருக்கும். பாட்டில் அதற்கு என்ன வேலை என்று உலகம் பூராவும் இன்னும் தீர்மானம் ஆகவில்லையாம். இதை ஷ்யாமே சாம்பார் சாதத்துக்கு நடுவில் வெட்கமில்லாமல் சொன்னான். ஒரு கோஷ்டி அதைக் காலியாகவே விட்டுவிடும். இடது பெட்டியிலும் வலது பெட்டியிலும் பாடகரின் குரலைச் சரிசமமாகக் கொடுத்தால் ஆளே இல்லாத நடுவிலிருந்து பாட்டு வருமாம். நம் ஊரில் இதற்கு வேப்பிலை அடிப்பார்கள். அதுவும் நாம் நட்டநடுவே அசையாமல் உட்கார்ந்தால்தான், கொஞ்சம் நகர்ந்தால் பாடகரும் நம்மோடு நகர்ந்துவிடுவார். இன்னொரு கோஷ்டி குரலைத் தூக்கி நடுப்பெட்டிக்குள் மட்டும் போட்டு மூடிவிடும். மூன்றாவது கோஷ்டி கொஞ்சம் உஷார். குரலை நடுவில் போட்டு, பக்கத்துப் பெட்டிகளிலும் கொஞ்சம் தெளித்துவைப்பார்கள். நடுப்பெட்டி மக்கர் செய்தாலும் பாட்டு மானம் போகாது. ஷ்யாம் மூன்றாவது கோஷ்டி. உங்கள் பிள்ளை செய்ய நினைத்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது, அதையும் அவனைச் செய்யவிடவில்லை.

எங்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் பெண்கள் குழுவின் முருகன் பாட்டுகளை ஒரு ஆல்பமாகப் பதிவு செய்வதென்று தலைவர் ஜெய்ராம் அறிவித்தார். "நம்மாத்துப் பையன்" என்று ஷ்யாமை முதுகில் தட்டி வேலையைத் தலையில் கட்டினார். குழுவின் முதல் பாட்டு தலைவர் சம்சாரம் பிரியம்வதா மாமி. பின்பாட்டு நம் கோமதி. நாங்கள் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவள் பின்பாட்டுதான். மாமிக்கு மூச்சு வாங்கும் இடத்தில் இவள் பிடித்துக்கொள்வாள், மாமிக்கு எட்டாத இடத்தில் இவள் எட்டுவாள், மாமி மறந்த அடியை இவள் எடுத்துக்கொடுப்பாள். கைதட்டினால் மாமி கும்பிடுவாள், கோமதி சுருதிப்பெட்டியை மூடுவாள். இதில் எனக்கோ கோமதிக்கோ என்றைக்கும் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

கமிட்டி கூட்டத்தில் ஷ்யாம் ஒரு படத்தை விரித்தான். நடுவில் ஒரு நாற்காலி, அதைச் சுற்றி ஐந்து கட்டங்கள், எந்தக் கட்டத்தில் யார் குரல், எந்தக் கட்டத்தில் எந்த வாத்தியம் என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தை இந்தக் கூட்டத்தில் விரித்திருக்கவே கூடாது. நூறு வருஷமாக இந்த ஊரில் நம் மனிதர்கள் ஒன்றாகக் கூடிச் செய்த ஒரே காரியம் மேடையில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று சண்டை போட்டதுதான். படத்தைப் பார்த்தவுடன் அத்தனை பேருக்கும் மேடை தெரிந்துவிட்டது. ஹவுராவிலிருந்து வந்து மிருதங்கம் வாசிக்கும் பிரிட்டோ தன் பெயர் பின்னால் இருப்பதைப் பார்த்து, "அப்ப நான் செருப்பு விடுற இடத்துல உக்காந்தா வாசிக்கணும்?" என்று கேட்டார். கோரஸில் பாடும் ஸ்மிதாவும் பின்கட்டம்தான். தன் மாமியார் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். யாரும் எங்கேயும் உட்காரப் போவதில்லை, இது சத்தத்துக்கான இடம் என்று ஷ்யாம் தொண்டை வறளச் சொன்னான். கேட்பாரில்லை. துணைத் தலைவர் என்ற முறையில் நான் எழுந்து, அகர வரிசைப்படி வைத்துவிடலாமே என்று சமாதானம் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள்.

நடுக்கட்டம் பிரியம்வதா மாமிக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாமிக்குத்தான் சந்தேகம். பக்கத்துப் பெட்டியில் தன் குரலைக் கொஞ்சம் தெளிப்பதாக ஷ்யாம் சொன்னது அவளுக்கு ஆகவில்லை.

"எங்குரல் நடுவுல மட்டும்தான் வரணும். பக்கத்துல ஒரு சொட்டு கசியப்படாது. மத்தவா குரலும் நடுவுல வரப்படாது" என்றாள்.

"அது ஆபத்து மாமி. அந்த ஒரு ஸ்பீக்கர் போச்சுன்னா நீங்க பாட்டுலயே இருக்கமாட்டேள்" என்று ஷ்யாம் சொன்னான்.

அதற்குத் தலைவர், இத்தனை வருஷத்தில் தலைவர் நாற்காலி என்றைக்காவது காணாமல் போயிருக்கிறதா, அதுபோலத்தான் இதுவும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு போண்டாவை எடுத்துக்கொண்டார். படித்த பிள்ளையாக இருந்தால் அங்கேயே முடியாது என்று எழுந்து வந்திருக்கவேண்டும். உங்கள் பிள்ளை தலையை ஆட்டினான். மாமி நடுவில் தனி, கோமதி இடது பெட்டி, வயலின் வலது பெட்டி, பிரிட்டோவும் ஸ்மிதாவும் மற்றப் பெண்களும் செருப்பு விடுகிற இடம்.

ஆல்பம் தயாரானதும் எங்கள் ஹாலில் போட்டுப் பார்த்தான். அப்போது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அவனுடைய சாமான்களின் லட்சணம் உங்களுக்குப் புரியவேண்டும். பாட்டு ஓடும்போது கோமதி தூசி தட்டிக்கொண்டே நடுப்பெட்டியை ஒரு சாண் நகர்த்தினாள், ஒயர் கழன்றுவிட்டது. மாமி காணாமல் போய்விட்டாள். மிச்சப் பாட்டு பாட்டுக்கு ஓடிற்று. துணியைக் கையில் பிடித்தபடி கோமதி அப்படியே நின்றுவிட்டாள், பாட்டு முடிகிறவரை நகரவில்லை. பயந்துபோய்விட்டாள், பாவம். நான் செய்தித்தாளை இறக்கிவிட்டு, என்ன, பாதிதான் கேட்கிறது என்றேன். அவள், கழன்றது எந்த ஒயர் என்று ஷ்யாமைக் கேட்டாள். அவன் காட்டினான், அவளே திருப்பிச் சொருகினாள். அதற்கே எனக்கு ஆச்சரியம். மிக்ஸி பிளக்கை எந்த ஓட்டையில் சொருகுவது என்று இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிற அப்பாவி அவள்.

விழா அன்று ஏரிக்குப் பக்கத்து ஹாலில் ஆல்பத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. காலையிலிருந்து மழை, முழங்கால் தண்ணீரில் டாக்ஸிக்காரன் பெட்டிகளையும் எங்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தான். சென்னையில் சபா நடத்தும் பெரிய மனிதர் ஒருவர் ஏதோ கல்யாணத்துக்கு கொல்கத்தா வந்திருந்தார், அவரை மடக்கி முதல் வரிசையில் போட்டிருந்தார்கள். இந்த ஆல்பத்தை அவர் கேட்பார், கேட்டால் பிரியம்வதா மாமிக்கு மார்கழியில் ஒரு கச்சேரி என்பது தலைவரின் கணக்கு. ஷ்யாம் நடுப்பெட்டியை மேடையின் நடுவில் வைத்தான். காரியதரிசி உத்தமன் ஓடிவந்தார். நடுவில் குத்துவிளக்குதான் வைப்பது வழக்கம், சங்கம் ஆரம்பித்த நாளாக விளக்கு ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை என்றார். நகர்த்தினால் சத்தம் நடுவிலிருந்து வராது என்று இவன் சொல்ல, நகர்த்தினால் சங்கம் நாசமாகும் என்று அவர் சொல்ல, கடைசியில் விளக்கு முன்னால், பெட்டி அதற்கு நேர் பின்னால் என்று உடன்பாடு ஆயிற்று. பார்த்தவர்கள் விளக்கு பாடப்போவதாக நினைத்திருப்பார்கள். ஐந்து சுமங்கலிகள் ஏற்றினார்கள், கோமதி கடைசி. மற்றவர்கள் போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்கிவிட்டார்கள். இவள் மட்டும் விளக்குக்குப் பின்னால் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாள். எந்தக் காரியத்திலும் பொறுப்பு அவளுக்கு.

பாட்டு ஆரம்பித்தது. பிரிட்டோவின் மிருதங்கம் பிடரிக்குப் பின்னால் விழுந்ததும் பாதி ஹால் திரும்பிப் பார்த்தது, ஒரு பெரியவர் எழுந்து பின்னால் போய்த் தேடினார். பாட்டு எடுக்கிற இடத்தில் வெறும் சுருதியும் மிருதங்கமும்தான் கேட்டன. சபாக்காரர், "என்ன நிதானம், என்ன நிதானம்" என்று தலையை ஆட்டினார். அப்புறம் குரல் வந்தது. நான் இந்தக் குழுவின் பாட்டை எத்தனையோ தடவை கேட்டு எத்தனையோ தடவை தூங்கியிருக்கிறேன். அன்றைக்குத் தூங்க முடியவில்லை. மேலே போன இடத்தில் கண்ணில் ஜலம் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பிரியம்வதா மாமிக்கு இன்றைக்கு என்ன குரல் பார்த்தீர்களா என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் நானே சொல்லிவிட்டு, கை வலிக்கத் தட்டினேன். தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாமி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டாள். தன் குரல் எது என்று மாமிக்கே தெரியவில்லையா, தெரிந்துதான் கும்பிட்டாளா என்பதுபற்றி இந்த ஊரில் இன்னும் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது.

கெடுத்தது எங்கள் மாடி வீட்டு மித்ரா போவ்தி, இந்த ஊரில் அண்ணிக்குப் போவ்தி என்று பெயர். அந்த அம்மாளுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. கோமதி கூப்பிட்டாளே என்று வந்தவள், மூன்றாவது வரிசையிலிருந்து ஹால் முழுக்கக் கேட்கும்படி, "ஏ தோ ஆமாதேர் கோமதிதிர் கலா" என்றாள். இது நம்ம கோமதி குரலாச்சே என்று அர்த்தம். தினமும் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்கிறாளாம். சபாக்காரர் யார் கோமதி என்று கேட்டார். காப்பி பிளாஸ்க் பக்கத்தில் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தவளைக் காட்டினார்கள். பாடியது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சென்னையில் வந்து பாடவேண்டும் என்று சொல்லித் தன் கார்டை அவள் கையில் கொடுத்தார், அவளும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அப்புறம் விளக்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் நடுப்பெட்டியின் ஒயர் தரையில் கிடக்கிறது. சொருகவே மறந்துவிட்டு, சொருகினேன் அத்திம்பேர் என்று என்னிடம் சத்தியம் செய்கிறான் உங்கள் பிள்ளை. மறுநாளே அவசரக் கூட்டம். அத்தையும் மருமானும் சேர்ந்து செய்த சதி என்று தலைவர் சொன்னார். விசாரணை முடிகிறவரை கோமதி பயிற்சிக்கு வரக்கூடாது, நவராத்திரிக் கச்சேரியில் அவள் இடத்தில் ஸ்மிதா என்று தீர்மானம் போட்டார்கள். இனிமேல் யாரையும் ஓரத்தில் வைக்கக்கூடாதென்று, ஆல்பத்தில் அத்தனை பேர் குரலையும் அத்தனை வாத்தியத்தையும் நடுப்பெட்டியில் மட்டுமே போடவேண்டும் என்று இன்னொரு தீர்மானம். அதாவது ஐந்து பெட்டி வாங்கி நாலு பெட்டிக்கு ரிடயர்மென்ட். தாத்தா காலத்து ரேடியோவே இதைச் செய்ததே என்று ஷ்யாம் முனகினான். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, குத்துவிளக்கின் மேல் ஆணையாக என் மனைவிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவளுக்கு ஒயர் எது கயிறு எது என்றே தெரியாது என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கோமதியின் நிலைமைதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதாலாவது தேவலை. அழவில்லை. காலையிலிருந்து எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருக்கிறாள், துக்கம் அதிகமானால் சிலருக்கு இப்படி ஆகுமாம். தீர்மானம் போட்ட அன்று பால் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டால் சிரிக்கிறாள். இத்தனை வருஷம் ஓரமாக உட்கார்ந்து பாடியவளுக்கு அந்த ஓரமும் போய்விட்டதே என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அந்த இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆகையால் நீங்கள் செய்யவேண்டியது இது. நடந்ததெல்லாம் என் மகன் ஷ்யாமின் கவனக்குறைவு, என் தங்கை ஒரு பாவமும் அறியாதவள் என்று தலைவர் ஜெய்ராமுக்கு உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதி உடனே அனுப்பவும். அவரை 'சங்கீத ரசிகர்' என்று எங்காவது ஒரு இடத்தில் எழுதவும், மனிதர் உருகிவிடுவார். ஷ்யாமை நாலு வார்த்தை நன்றாகத் திட்டவும். அவன் தன் பெட்டிகளையும் பீப்பாயையும் தூக்கிக்கொண்டு செக்டர் ஃபைவ் பக்கமே ஒரு அறை பார்த்துக்கொள்ளட்டும். நடுப்பெட்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் வீட்டுக் கல்யாணத்தில் நாற்காலி போட எங்கள் கமிட்டியை அனுப்பவேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

மன்னிக்கு என் நமஸ்காரம். உங்கள் பெண் வயிற்றுப் பேத்திக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். ஷ்யாமுக்கும் ஆசீர்வாதம் உண்டு, இந்த மாதம் மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். கோமதி உங்களுக்கு வழக்கம்போல் கீழே இரண்டு வரி எழுதுவாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிவராமகிருஷ்ணன்

பி.கு.: இரண்டு வரி எழுதுவதற்காகக் கடிதத்தைக் கோமதியிடம் கொடுத்தேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். பாயசம் வந்த இடத்தில் சிரித்துப் புரை ஏறிவிட்டது. வரி ஒன்றும் எழுதவில்லை. ஒயரைப் பிடுங்கியது தான்தான் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள். எண்ணெய் விடும்போதாம். ஆகையால் தலைவருக்கு நீங்கள் கடிதம் எழுதவேண்டாம். ஷ்யாமைத் திட்டவேண்டாம், அவன் அறை பார்க்கவும் வேண்டாம், நிறுத்திவைத்த ஆசீர்வாதத்தையும் கொடுத்துவிட்டேன். சபாக்காரரிடம் போன வாரமே பேசிவிட்டாளாம், மார்கழியில் ஒரு சாயங்காலம் கொடுத்திருக்கிறார், உங்கள் வீட்டில்தான் தங்குவாள். இவ்வளவும் மன்னிக்கு முன்பே தெரியுமாமே. சபாக்காரர் கேட்கவேண்டும் என்றுதானே இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அவர் வந்திருக்கார்னே எனக்கு மேடையிலதான் தெரியும். நீங்க ஒரு நாளாவது கேக்கணும்னுதான் பிடுங்கினேன். கேட்டேள். கேட்டுட்டு அந்த மாமிக்குக் கை தட்டினேள்" என்றாள். ரயிலுக்கு ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கிறாள். என் டிக்கெட்டை நானே போட்டுக்கொள்கிறேன். சபாவில் எனக்கு ஒரு இடம் மட்டும் சொல்லிவைக்கவும், செருப்பு விடுகிற இடமானாலும் சரி.